சர்க்காரும் ரசவாதியும்

தாமிரத்தைத் தங்கமாக்கும் வித்தை தெரிந்தவர்களுக்கு நம் தேசத்தில் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. அந்த வித்தையைக் கொண்டு தங்களுக்கு ஒரு நல்ல வேஷ்டி வாங்கிக்கொள்ள முடிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். ரசவாதி ஊருக்குள் வருவான். பசையுள்ள மிராசுதார் ஒருவரைத் தேடிப் பிடிப்பான். முதல் நாள் அவர் கண் முன்பாகவே குகையை உலையில் வைத்து ஊதி, குன்றிமணியளவு தங்கம் எடுத்துக் காட்டுவான். பத்தரிடம் கொடுத்து உரைத்துப் பார்த்தால் அது அசல் தங்கமாகவே இருக்கும். ஏன் இராது? ஊதுகுழலுக்குள் அவன் முன்கூட்டியே ஒளித்து வைத்திருந்த தங்கமல்லவா அது! பிறகு, "பெரிய அளவில் செய்ய வேண்டுமானால் விதைத் தங்கம் கொஞ்சம் வேண்டும்" என்பான். மிராசுதாரருடைய சம்சாரத்தின் அட்டிகையும் காசுமாலையும் குகைக்குள் போகும். அன்றிரவே ரசவாதி ஊரை விட்டுப் போவான். மறுநாள் மிராசுதார் யாரிடமும் வாய் திறக்கமாட்டார். திறந்தால் நஷ்டத்தோடு மானமும் போய்விடுமே!

இந்தக் கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு நாம் எல்லோரும் சிரித்திருக்கிறோம். ரசவாதிகளின் காலம் மலையேறிப் போயிற்று என்றுகூட எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியல்ல. ரசவாதி தொழிலை விடவில்லை, மிராசுதாரைத்தான் விட்டுவிட்டான். மிராசுதாரிடம் என்ன இருக்கிறது? ஓர் அட்டிகை, ஒரு காசுமாலை. சர்க்காரிடமோ பொக்கிஷமே இருக்கிறது. அதிலும் ஒரு சௌகரியம் உண்டு. மிராசுதார் ஏமாந்தால் நகையைப் பறிகொடுத்த அம்மாள் வீட்டில் கேள்வி கேட்பாள். மந்திரி ஏமாந்தாலோ நகை அவர் வீட்டு நகையல்ல. உங்களுடையது, என்னுடையது. நாம் கேள்வி கேட்பதற்குள் பத்து வருஷம் ஓடிப்போகும்.

இதற்குத் திருஷ்டாந்தமாக நடந்த சில விஷயங்களைச் சொல்லுகிறேன். அவற்றில் முதலாவது தென் அமெரிக்காவில் நடந்தது.

அர்ஜென்டீனா தேசத்தில் ஜெனரல் பெரோன் ஜனாதிபதியாக இருந்த காலம். 1948-ம் வருஷத்தில் ரொனால்டு ரிக்டர் என்ற ஒரு விஞ்ஞானி அங்கே போய்ச் சேர்ந்தார். ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தில் பிறந்தவர். உலக மகாயுத்தம் முடிந்தபின் அர்ஜென்டீனாவில் குடியேறியிருந்த ஜெர்மன் விமான நிபுணர் கர்ட் டாங்க் என்பவர் அவருக்குச் சிபார்சு செய்தார். ரிக்டர் ஜனாதிபதியைச் சந்தித்து, "சூரியன் எப்படி எரிகிறதோ, அதே முறையில் பூமியின் மேல் அணுசக்தியை உண்டாக்கித் தருகிறேன்" என்றார். யுரேனியம் வேண்டாம், அமெரிக்காவின் தயவு வேண்டாம், ருஷ்யாவின் தயவும் வேண்டாம். கேட்ட ஜெனரலுக்கு உள்ளம் பூரித்துப் போயிற்று. வல்லரசுகளையெல்லாம் ஒரே தாண்டாகத் தாண்டிப் போக வழி கிடைத்தால் எந்தத் தேசத் தலைவருக்குத்தான் பூரிக்காது?

சான் கார்லோஸ் தெ பாரிலோச்சே என்பது ஆண்டிஸ் மலைச் சாரலில் உள்ள அழகான ஏரிக்கரைப் பட்டணம். அந்த ஏரியின் நடுவில் உவேமுல் என்று ஒரு தீவு. தீவு முழுவதையும் ரிக்டரிடம் ஒப்படைத்தார்கள். பட்டாளத்தார் காவல் நின்றார்கள். சிமெண்டு கப்பல் கப்பலாக வந்தது. கோட்டைபோல் ஒரு பெரிய கட்டிடமும் அதற்குள் கான்க்ரீட்டினால் பிரம்மாண்டமான உருளை ஒன்றும் எழும்பின. உருளை கட்டி முடிந்ததும் அது தமக்குப் பிடிக்கவில்லை என்று இடித்துத் தள்ளச் சொன்னார் ரிக்டர். இடித்துத் தள்ளினார்கள். தீவுக்குள் மற்ற விஞ்ஞானிகள் யாரும் வரக்கூடாதென்பது நிபந்தனை. கேட்டால், ஒற்றர்கள் வந்துவிடுவார்களாம். நாச வேலை செய்துவிடுவார்களாம்!

1951-ம் வருஷம் மார்ச்சு மாதம் 24-ந் தேதி ஜனாதிபதி பெரோன் பத்திரிகை நிருபர்களைக் கூட்டி, உவேமுல் தீவில் கட்டுப்பாட்டுக்கு அடங்கிய சூரிய அக்கினி மூட்டப்பட்டுவிட்டதென்று உலகத்துக்கு அறிவித்தார். இனிமேல் சக்தியைப் பால் விற்பதுபோல் அரை லிட்டர், ஒரு லிட்டர் புட்டிகளில் அடைத்து வீடுவீடாக விற்கலாம் என்று சொல்லப்பட்டது. ரிக்டருக்குப் பதக்கம் கிடைத்தது. வெளிநாட்டுப் பௌதிக சாஸ்திரிகள் நம்பவில்லை. நம்பாதது அவர்களுடைய பொறாமைக்கு அத்தாட்சியாகக் கொள்ளப்பட்டது.

புட்டி வரவில்லை. மாதங்கள் சென்றன, செலவுக் கணக்கு மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தது. கடைசியில் 1952-ல் ஒரு விசாரணைக் குழுவைத் தீவுக்கு அனுப்பினார்கள். அந்தக் குழுவில் முக்கியமானவர் ஹோஸே அந்தோனியோ பால்ஸெய்ரோ. அவருக்கு வயது 33. இங்கிலாந்தில் மான்செஸ்டர் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தவரை இதற்காகவே திரும்ப அழைத்தார்கள்.

நேயர்கள் சற்று அந்த இளைஞரின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். எதிரே நிற்பவரோ ஜனாதிபதியின் கையால் பதக்கம் பெற்றவர். அவர் சொல்வதைப் பொய் என்றால், ஜனாதிபதி உலகத்துக்குச் சொன்னதையும் பொய் என்பதாகும். தேசத்தின் கௌரவத்தைக் குலைத்த துரோகி என்ற பெயர் வருவதற்கு அதிக நேரம் ஆகாது. உத்தியோகமோ, அதற்கு மேலோ போகலாம். "மேலும் ஆராய வேண்டிய விஷயம்" என்று வழவழவென்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்வதுதான் லௌகிகம் தெரிந்தவர்கள் செய்யும் காரியம்.

பால்ஸெய்ரோ கணக்குப் போட்டார். ரிக்டர் சொன்ன காரியம் நடக்க வேண்டுமானால் கோடிக்கணக்கான டிகிரி உஷ்ணம் வேண்டும். அவர் வைத்திருந்த மின்சார வில் அதன் கிட்டத்திலேகூட வராது என்று கண்டார். சோதனை நடந்தபோது ரிக்டரின் கருவிகளில் முள் துள்ளிக் குதித்தது. விசாரணைக் குழுவினர் தாங்கள் கொண்டுபோயிருந்த கருவிகளிலோ அணுக்கதிர் எதுவும் பதிவாகவில்லை. பெரிய மின்சாரப் பொறி பாயும்போது பக்கத்திலுள்ள கருவிகள் கலங்குவது சகஜம். அந்தக் கலக்கத்தைத்தான் ரிக்டர் சூரியன் என்று எடுத்துக்கொண்டார் என்று ஏற்பட்டது. பால்ஸெய்ரோ உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். மேலும் இரண்டு பௌதிக சாஸ்திரிகளிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். அந்த வருஷம் முடிவதற்குள் உவேமுல் தீவில் கதவடைப்பு நடந்தது. ரிக்டர் ஊரை ஏமாற்றினாரா, தம்மைத்தாமே ஏமாற்றிக்கொண்டாரா என்று இன்றைக்கும் விவாதிக்கிறார்கள். ஜனங்களின் பணத்தைப் பொறுத்த வரையில் இரண்டும் ஒன்றுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதுவதற்கே எனக்கு உற்சாகம் இராது. உவேமுல் தீவில் மிஞ்சிய கருவிகளில் உபயோகமானவற்றைப் பாரிலோச்சே பட்டணத்திலேயே ஒரு பௌதிகக் கலாசாலைக்குப் பயன்படுத்தினார்கள். 1955-ல் ஆரம்பமான அந்தக் கலாசாலைக்கு முதல் தலைவர் பால்ஸெய்ரோ. அவர் 1962-ல் காலமான பிறகு அது அவருடைய பெயராலேயே வழங்கி வருகிறது. இன்று உலகத்துப் பௌதிக சாஸ்திரிகளுக்குள் முன்னணியில் இருக்கும் ஹுவான் மால்டசேனா அங்கே படித்தவர். பொய்யை நம்பிய தேசத்துக்குக் கிடைத்தது ஓர் இடிந்த கோட்டை. "பொய்" என்று தைரியமாய்ச் சொன்ன ஒருவரால் கிடைத்தது ஒரு வித்யாபீடம். சந்தேகம் என்பது ஆராய்ச்சிக்குச் சத்துரு என்று நினைப்பவர்கள் அந்த ஏரிக்கரைக்கு ஒரு முறை யாத்திரை போய் வரலாம்.

*

"அர்ஜென்டீனா புது நாடு, ஏமாந்துவிட்டது. நாகரிகத்தில் முதிர்ந்த தேசங்களில் இப்படி நடக்குமா?" என்று யாராவது கேட்கலாம். நடந்தது, பிரான்ஸ் தேசத்தில் நடந்தது.

1970-ஐ அடுத்த வருஷங்களில் மண்ணெண்ணெய் விலை, பெட்ரோல் விலை எல்லாம் எப்படி ஏறின என்பது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சமயத்தில் பெல்ஜியத்துப் பிரபு ஒருவரும், அல்டோ பொனஸோலி என்ற இத்தாலியரும் பிரெஞ்சு சர்க்காரின் எண்ணெய்க் கம்பெனியான எல்பிடம் வந்தார்கள். ஆகாய விமானத்தில் வைத்துப் பறந்தால் பூமிக்கடியில் எங்கே எண்ணெய் இருக்கிறதென்று படம் பிடித்துக் காட்டும் யந்திரம் தங்களிடம் இருப்பதாகச் சொன்னார்கள். சிபார்சுக்கு ஒரு மாஜிப் பிரதம மந்திரியே இருந்தார். 1976-ல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விமானங்கள் பறந்தன. திரையில் வர்ணப் படங்கள் தெரிந்தன. படம் காட்டிய இடத்தில் தோண்டினால் எண்ணெய் மட்டும் வரவில்லை. ஏற்கனவே எண்ணெய் இருப்பதாகத் தெரிந்த இடங்களை யந்திரம் சரியாகக் காட்டிற்று என்பதே அதன் பெருமை. ஏற்கனவே தெரிந்ததைச் சொல்லுவதற்கு யந்திரம் எதற்கு என்று கேட்பாரில்லை. இங்கேயும் பரம ரகசியம்; கம்பெனியின் சொந்த நிபுணர்களில் பலருக்கே விஷயம் தெரியாது. பல கோடி பிராங்குகள் போயின.

1979-ம் வருஷம் மே மாதத்தில் பிரெஞ்சு அணுசக்தி இலாகாவைச் சேர்ந்த ஜூல் ஹொரோவிட்ஸ் என்ற பௌதிக சாஸ்திரியைச் சோதனைக்கு அழைத்தார்கள். சுவருக்கு அப்பால் உள்ள பொருளையும் யந்திரம் காட்டும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. "பேஷ்! இதோ இந்த அடிக்கோலைச் சுவருக்குப் பின்னால் வைக்கிறேன், காட்டுங்கள்" என்றார் அவர். வைக்கும்போது ஒருவரும் பார்க்காமல் அடிக்கோலை வளைத்துவிட்டார். யந்திரத் திரையில் அடிக்கோல் தெரிந்தது. அம்பு போல நேராகத் தெரிந்தது!

மூன்று வருஷமாக விமானங்களும் வர்ணப் படங்களும் மாஜிப் பிரதம மந்திரியும் சேர்ந்து கட்டிய மாளிகை, பள்ளிக்கூடப் பையன் கையிலிருக்கும் ஓர் அடிக்கோலால் சரிந்து விழுந்தது. விஷயம் நாட்டுக்குத் தெரிவதற்கோ இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. 1983 டிசம்பரில் ஒரு பத்திரிகை அம்பலப்படுத்தியது. கணக்குப் பரிசோதனை செய்த அதிகாரி எழுதிய அறிக்கையின் பிரதிகளை அதற்குமுன் 1982-லேயே அழித்திருந்தார்களாம். மிராசுதார் மறுநாள் காலையில் வாயைத் திறக்கமாட்டார் என்று முன்னமே சொன்னேனல்லவா?

*

எல்லாரும் மோசக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. உண்மையான விஞ்ஞானிகளும், கெட்டிக்காரர்களும், அவசரத்தினால் தடுக்கி விழுவதுண்டு. அமெரிக்காவில் யூட்டா சர்வகலாசாலையைச் சேர்ந்த பான்ஸும் இங்கிலாந்தைச் சேர்ந்த பிளெய்ஷ்மனும் ரசாயன சாஸ்திரத்தில் பெயர் பெற்றவர்கள். 1989-ம் வருஷம் மார்ச்சு 23-ந் தேதி அவர்கள் ஒரு கண்ணாடிப் பாத்திரம், கனநீர், பல்லேடியம் என்ற உலோகக் கம்பி ஆகியவற்றைக் கொண்டு அணுச் சேர்க்கையை மேஜை மேலேயே நடத்திவிட்டதாகப் பத்திரிகைக்காரர்களுக்கு அறிவித்தார்கள். மற்ற விஞ்ஞானிகள் படித்துப் பார்ப்பதற்குக் கட்டுரை வெளியாவதற்கு முன்பே அறிவிப்பு வந்துவிட்டது. சில வாரங்களுக்குள் யூட்டா மாகாணச் சட்டசபை 50 லட்சம் டாலர் ஒதுக்கிற்று. கலிபோர்னியாவிலும் இங்கிலாந்தில் ஹார்வெல்லிலும் பெரிய ஆராய்ச்சிச் சாலைகள் செய்து பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு உஷ்ணம் அணுச் சேர்க்கையினால் வந்திருந்தால், கூடவே கிளம்பும் நியூட்ரான்கள் பக்கத்தில் நின்றவர்களைக் கொன்றிருக்க வேண்டும். அவர்களோ சௌக்கியமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள். 50 லட்சம் டாலரில் பிறந்த ஆராய்ச்சி ஸ்தாபனம் 1991-ல் மூடப்பட்டது.

நம் வீட்டு விஷயத்தையும் விட்டுவிட வேண்டாம். 1996-ல் தமிழ்நாட்டில் தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்தால் பெட்ரோல் வரும் என்ற சேதி கிளம்பியபோது எத்தனை பேர் ஆனந்தக் கூத்தாடினார்கள்! தண்ணீரில் கரி இல்லை. பெட்ரோலில் இருப்பதோ பெரும்பாலும் கரி. ஒரு பிடி இலையிலிருந்து எத்தனை கரி வரும் என்று பள்ளிக்கூடத்து ரசாயன வாத்தியார் கேட்டிருப்பார். கேட்டவரைத் "தமிழன் முன்னேறுவது பொறுக்காதவன்" என்றார்கள். பெட்ரோலியச் சரக்குகளையே கலந்து மூலிகை எரிபொருள் என்ற பெயரில் விற்ற வழக்கில், 2016-ல் சென்னையிலுள்ள கோர்ட்டு தண்டனை விதித்தது. நடுவில் இருபது வருஷம் ஓடிவிட்டது.

இவற்றிலெல்லாம் பொதுவாக உள்ள அம்சத்தைக் கவனித்தீர்களா? ஏழைத் தேசத்தின் ஆசை, பெரிய தேசத்தின் கவலை, சொந்த ஊரின் பெருமை, இவைதான் ரசவாதியின் துருத்தி. தேசாபிமானம் மிக உயர்ந்த குணம். அதனாலேயே அதைக் காட்டி ஏமாற்றுவது மிகவும் சுலபம். தேசத்தின் மேல் பக்தியுள்ளவன், தேசத்தின் பெயரால் ஒருவன் கையை நீட்டும்போது இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கோயில் உண்டியலுக்கு இரண்டு பூட்டுப் போடுவது சுவாமியிடம் அவநம்பிக்கையினாலா?

*

"அப்படியானால் சர்க்கார் ஆராய்ச்சிக்குப் பணமே கொடுக்கக்கூடாதா?" என்று கேட்கும் சிக்கன சிகாமணிகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாக இன்னொரு சமாசாரம் சொல்லி முடிக்கிறேன்.

எங்கோ கோடானுகோடி மைலுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதினால், ஆகாசமே அலைபோல் நெளியும் என்பது ஐன்ஸ்டைனின் சித்தாந்தத்திலிருந்து ஏற்படுவது. அந்த நெளிவைப் பிடிப்பதற்கு அமெரிக்க சர்க்காரின் பணத்தில் லைகோ என்ற ஆராய்ச்சிச் சாலைகளைக் கட்டினார்கள். நாலு கிலோமீட்டர் நீளமுள்ள குழாயில், ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாறுதலை அளக்க வேண்டும்! பெரோனின் பால் புட்டியைவிட இது நம்பத் தகுந்ததாகவா தோன்றுகிறது? வானசாஸ்திரிகளிலேயே சிலர், "வீண் செலவு" என்று ஆட்சேபித்தார்கள். 2002 முதல் 2010 வரை விட்டுவிட்டு அளந்து பார்த்ததில் ஒன்றும் அகப்படவும் இல்லை.

2010 செப்டம்பரில் கருவிகளில் ஓர் அழகான அலை பதிவாயிற்று. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் மாதக்கணக்கில் உழைத்து அதை அலசினார்கள். வெளியிடுவதற்குக் கட்டுரையும் எழுதி வைத்தார்கள். ஆனால் அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. எல்லாரையும் பரீட்சிப்பதற்காக ஒரு சிலர் மட்டும் ரகசியமாகப் பொய் அலை ஒன்றைக் கருவிகளில் புகுத்தலாம். புகுத்தினார்களா இல்லையா என்பது முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். 2011 மார்ச்சில் எல்லாரும் கூடியிருந்த சபையில் உறையைப் பிரித்தார்கள். அலை பொய்! எழுதிய கட்டுரையை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் திரும்ப வேலைக்குப் போனார்கள். கருவிகளை இன்னும் கூர்மையாக்கினார்கள். 2015-ம் வருஷம் செப்டம்பர் 14-ந் தேதி மெய்யான அலை வந்தது. இந்தத் தடவை பொய் அலை புகுத்தப்படவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மாதக்கணக்கில் சரிபார்த்து, 2016 பிப்ரவரியில்தான் வாயைத் திறந்தார்கள். 2017-ல் நோபல் பரிசு வந்தது.

பிரான்ஸில் வெளியார் ஒருவர் வந்து அடிக்கோலை வளைக்க வேண்டியிருந்தது. இங்கே தங்கள் அடிக்கோலைத் தாங்களே வளைத்து வைத்துக்கொண்டு பரீட்சித்தார்கள். விஞ்ஞானத்துக்கும் ரசவாதத்துக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான். சொல்லும் விஷயம் ஆச்சரியமானதா இல்லையா என்பதில் அது இல்லை. உலகத்தில் உண்மையான விஷயங்கள் எல்லாமே ஆச்சரியமானவைதான். சோதனை என்றதும் ஒருவன் முகம் மலர்கிறதா, சிவக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

இது அமெரிக்கா சமாசாரம் என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. இதே லைகோவைச் சேர்ந்த ஓர் ஆராய்ச்சிச் சாலையை மஹாராஷ்டிரத்தில் ஹிங்கோலி ஜில்லாவில் அமைப்பதற்கு 2023-ல் நம் மத்திய மந்திரி சபை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு அனுமதி அளித்தது. அந்தப் பணத்தில் நம் வீட்டு அட்டிகையின் துணுக்கு ஒன்றும் இருக்கிறது. மனமாரக் கொடுப்போம். கொடுத்துவிட்டு, கணக்கும் கேட்போம். உறைக்குள் என்ன இருக்கிறதென்றும் கேட்போம். நல்ல விஞ்ஞானிகள் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். யாராவது கோபித்துக்கொண்டால், உடனே போய் அடிக்கோலை எடுத்து வாருங்கள்.